கடுப்பு

பள்ளிப்பட்டுக்கு மாற்றலாகி வந்த முதல் வாரம்
லிகிதா சொன்னதை நான் தப்பாக எழுதினேன்.
கடுப்பு என்றாள்.
மன்னார்குடிக்காரி நான்,
நீர்க்கடுப்பு என்று எடுத்துக்கொண்டேன்.
நிறையத் தண்ணீர் குடி என்றேன்,
சிறுநீரைச் சோதிக்க அனுப்பினேன்.
கிருமி இல்லை.

எப்சிபா சிஸ்டர் அப்புறம்தான் சிரித்தாள்:
டாக்டர், இங்கே பாதிப் பேருக்குக்
கடுப்பு என்றால் வயிறு.
நகரி ரோட்டில் கொஞ்சம் போனால்
முழுப் பேருக்கும்.

வயிற்றை அழுத்திப் பார்த்தேன், மெத்தென்று இருந்தது.
பூச்சி மாத்திரை கொடுத்தேன்.
திருத்தணிக்கு அனுப்பி ஸ்கேன்.
கல்லீரல், மண்ணீரல், சிறுநீரகம் இரண்டும்
இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.
ஏழு வயதுக்குப் பதினாறு கிலோ.
ஆறு மாதமாக அதே பதினாறு.

காற்றில் கதவு அறைந்தால்
மற்ற பிள்ளைகள் கதவைப் பார்ப்பார்கள்.
இவள் அம்மாவைப் பார்ப்பாள்.

ஐந்தாவது முறை வந்தபோது
பழைய சீட்டுகளைப் பரப்பிவைத்துக்கொண்டிருந்தேன்.
எட்டிப் பார்த்த சிஸ்டர்
தடுப்பூசிக் குளிர்பெட்டியின் நோட்டை எடுத்துவந்தாள்,
காலையும் மாலையும் டிகிரி எழுதும் நோட்டு.
ஐஸ் கட்டி அடுக்கி மருந்தைக் காப்பாற்றிய நாட்களில்
சிவப்பு மையில் ஒரு வரி இருக்கும்: கரண்ட் இல்லை.

ஐந்து தேதிகள்.
ஐந்தும் சிவப்பு.

எடை பார்க்கப் பிள்ளையை அனுப்பிவிட்டு
வனஜாவிடம் கேட்டேன். வீட்டுக்குள்ளேயே ரெண்டு விசைத்தறி.
சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி
கடைசியில் சொன்னாள்:
தறி ஓடுனா அவரு தறியைப் பாப்பாரு.
நின்னா எங்களைப் பாப்பாரு.
இவ அந்தச் சத்தத்திலதான் தூங்குவா மேடம்,
சத்தம் நின்னா எந்திரிச்சு உக்காந்துக்குவா.

என் பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் இருந்தது.
பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் மடித்துவிட்ட பக்கம்.
ஓடுவதற்கென்று உடம்பு வைத்திருக்கும் பலத்தை
ஓட இடமில்லாத பிள்ளை
இரவெல்லாம் உட்கார்ந்தபடி செலவழிக்கும் என்று
அதில் எழுதியிருந்ததா, நானாக நினைக்கிறேனா, தெரியவில்லை.

பத்துப் பூஜ்யம் ஒன்பது எட்டு என்று நான் ஆரம்பித்ததும்
என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
பிள்ளையை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களா?
தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன்.
அவள் எதிரிலேயே பேசினேன், ஒலிபெருக்கியில்.
நகரியில் வனஜாவின் தங்கை இருக்கிறாள்.
மின்வாரியம் முன்கூட்டிச் சொல்லும் நாட்களில்
அம்மாவும் பெண்ணும் அங்கே.
சொல்லாமல் போகும் மின்சாரத்துக்கு
இன்னும் வழி பிடிபடவில்லை.

ஒருநாள் அவனே வந்தான், இருமலுக்கு.
நான் ஒரு அரக்கனை எதிர்பார்த்திருந்தேன்.
புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.
அடிப்பதைப் பற்றிக் கேட்டேன், வாய் திறக்கவில்லை.
சின்ன வயசில் உங்களை யாராவது அடித்தார்களா என்றேன்.
மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான்,
அது எத்தனை சுற்று சுற்றுகிறது என்று
எண்ணிச் சொல்லப்போகிறவன் மாதிரி.
மருந்து கொடுத்தேன். மன்னிக்கவில்லை.
அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறேன். வரவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் லிகிதா வருகிறாள்.
மாத்திரை எதுவும் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.
போன வாரம் கேட்டேன்,
கடுப்புக்குள்ளே என்ன இருக்கு?
யோசித்தாள்.
பயம் என்றாள்.
அந்தச் சொல்லுக்கு சிஸ்டர் தேவைப்படவில்லை.

இன்று, அவள் எடை மேடையில் நிற்கையில்
மின்விசிறி தயங்கித் தயங்கி நின்றது.
வெளியே வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.
சிஸ்டர் ஐஸ் பெட்டிக்கு ஓடினாள்.
லிகிதாவின் கை வயிற்றுக்குப் போனது.

அமைதி அவளை எட்டுவதற்குள் பேச்சைத் தொடங்கினேன்.
சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.
சுவரில் தடுப்பூசி அட்டவணை இருந்தது.
அதைச் சத்தமாக வாசித்தேன்:
பிறந்தவுடன், ஒன்றரை மாதம், இரண்டரை மாதம்,
ஒன்பதாம் மாதம் அம்மைக்கு,
அஞ்சு வயசில் ஒன்று, பத்தில் ஒன்று.
முடிந்ததும் மறுபடி மேலிருந்து.
மூன்றாவது முறை ஒன்பதாம் மாதத்தைத் தாண்டிவிட்டேன்.
அம்மை, என்றாள் அவள்,
மேடையை விட்டு இறங்காமல்.